ஒலிபெருக்கியில் என் வீட்டுக்காரர் பேர்

1

என் மகன் முருகேசன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எனக்கு ரயில் டிக்கெட் எடுத்துக்கொண்டிருக்கிறான். பெர்லினிலிருந்து கொலோனுக்கு. அங்கேதான் என் மகள் செல்வி இருக்கிறாள். ஸ்டேஷனுக்குப் போக வேண்டாம், வரிசையில் நிற்க வேண்டாம். வீட்டில் லுங்கியோடு உட்கார்ந்து பொத்தானைத் தட்டினால் பக்கத்திலிருக்கும் மிஷின் கரகரவென்று ஒரு தாளைத் துப்புகிறது. அதுதான் டிக்கெட். இவன் முதல் வேலைக்கு மெட்ராஸ் போனபோது, டிக்கெட் எடுக்க நாகலூரிலிருந்து முதல் பஸ் பிடித்துச் சேலம் இறங்கினவன் கடைசி பஸ்ஸில்தான் மலையேறி வந்தான். விரல் அகலத்துக்கு ஒரு அட்டை. அதை நான் சாமி படத்தில் சொருகி வைத்தேன்.

"அம்மா, பேரு கேக்குது. என்ன போடட்டும்?" என்கிறான் இப்போது, சிரிப்பை அடக்கிக்கொண்டு. பெற்ற தாயின் பேர் அவனுக்குத் தெரியாதா? போன வருஷம் இதே வைகாசியில் நடந்ததை வைத்துக் கிண்டல் செய்கிறான்.

"இர்றா சாமி. மொதல்ல ஊர்க்காரங்களுக்குச் சொல்லிட்டு, அப்புறமா உனக்குச் சொல்றேன்."

சேலத்திலிருந்து வருகிற பத்திரிகை ஒன்றில் வெளிநாட்டில் இருப்பவர்கள் அனுபவம் எழுதலாம் என்று போட்டிருந்தார்களாம். நான் கைநாட்டு. ஆகையால் நான் சொல்கிறேன், மருமகள் கலா எழுதுகிறாள். அவள் வாத்தியார் மகள். "நீங்க பேசறத அப்படியே எழுதுனா நல்லாருக்காதுங்க அத்தே" என்று எல்லாவற்றையும் புத்தகத் தமிழாக மாற்றிக்கொண்டிருக்கிறாள். மாற்றட்டும். ஆனால் யாராவது பேசினதை மட்டும் பேசினபடியே விடச் சொல்லிவிட்டேன். நாக்கைத் திருத்தினால் ஆளே மாறிவிடுவார்கள்.

2

என் பேர் பவுனு. பிறந்தது ஏற்காட்டுப் பக்கம் கரடியூர், வாக்கப்பட்டது நாகலூர். ஐந்து வருஷமாக பெர்லின். மகனுக்கு இங்கே கம்ப்யூட்டரில் வேலை. இரண்டாயிரம் வருஷம் பிறக்கும்போது உலகத்துக் கம்ப்யூட்டர் எல்லாம் தேதி தெரியாமல் முழிக்குமாம். அது முழிக்காமல் இருக்க இவன் ராப்பகலாக என்னவோ செய்கிறான். பேத்தி நிலாவுக்குப் பன்னிரண்டு வயது. என்னை 'ஓமா' என்று கூப்பிடுகிறாள். பாட்டி என்று அர்த்தமாம். தமிழில் நான் பத்து வார்த்தை பேசினால் ஜெர்மனில் ஒரு வார்த்தை பதில் வரும். ஊரில் வயசாளிகள் பேசினால் கழுதைகூடக் காதை ஆட்டும் என்று சொன்னேன். அதற்கும் ஒரே வார்த்தைதான் சொன்னாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் வீட்டுக்காரர் பேரைக் கலா இங்கே எழுதப் போகிறாள். நான் சொல்லித்தான் எழுதுகிறாள். சேர்வராயன்.

மலை உச்சியில் இருக்கிற சாமி பேர். மலைக்கும் அதே பேர். எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒரு பிள்ளைக்காவது அந்தப் பேர் இருக்கும். கட்டின நாளிலிருந்து நான் அதை வாயால் சொன்னதில்லை. புருஷன் பேர் சொன்னால் அவர் ஆயுசுக்கு ஆகாது என்று வளர்த்தார்கள். மற்றவர்களுக்கு அதனால் ஒரு பேர்தான் போயிற்று. எனக்கோ சாமி பேர் போயிற்று, மலை பேரும் போயிற்று. திருவிழாவுக்குப் போகும்போது எல்லோரும் சாமி பேரைக் கூவிக்கொண்டு ஏறுவார்கள். நான் மட்டும் 'சாமியோவ், மேலெ இருக்கற சாமியோவ்' என்று கூவிக்கொண்டு போவேன். எந்த மலை என்று கேட்டால் 'ஏற்காட்டு மலை' என்பேன்.

அவருக்கும் எனக்கும் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிற வேலை. ஒரு வருஷம் மலைக்குக் கீழே கீழ்நாட்டிலிருந்து கணக்கெழுதப் புதிதாக ஒரு ரைட்டர் வந்தார். காலையில் எங்களை வரிசையில் நிறுத்திப் பேர் எழுதினார்.

"புருசன் பேரு?"

"அவங்கதாங்க."

"அவங்கன்னா எவங்க?"

நான் மலை உச்சியைக் கையால் காட்டிக் கும்பிட்டேன். ரைட்டர் அண்ணாந்து பார்த்தார். "ஐயோ பாவம். எப்பப் போனாரு?" என்று கேட்டார். என் வீட்டுக்காரரோ நாலாவது ஆளாக அதே வரிசையில் பீடி குடித்துக்கொண்டு நிற்கிறார்! வரிசை மொத்தமும் சிரித்த சிரிப்பில் காப்பிச் செடி ஆடியது. பிறகு ராசம்மாள்தான் சொன்னாள்.

"ஏனுங் ரைட்டரு, அவ செத்தாலும் சொல்ல மாட்டாளுங்க. மலச்சாமி பேருதானுங்க அவ ஊட்டுக்காரருக்கு. சேர்வராயன்னு எழுதிக்கங்க."

ராசம்மாள் பக்கத்து வீட்டுக்காரி. ரேஷன் கார்டு எழுத வந்தபோதும், முருகேசன் பிறந்து ஆஸ்பத்திரியில் அப்பா பேர் கேட்டபோதும், எனக்காக அவள்தான் அந்தப் பேரைச் சொன்னாள். அவர் போன பிறகு ஆபீஸில் அவர் பேரைக் கூப்பிட்டபோதும் அவள்தான் எழுந்து, "அவரு இல்லைங்க, அவரு சம்சாரம் வந்திருக்குதுங்க" என்றாள். ஆயுசு முடிந்த பிறகு பேர் சொன்னால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நாற்பது வருஷம் பூட்டின வாய், சாவி தொலைந்த பூட்டு மாதிரி ஆகிவிட்டது. கேட்டால் கை தானாக மேலே காட்டும். அவ்வளவுதான்.

ஜெர்மனிக்கு வந்து பார்த்தால் அந்தப் பேர் கதவில் ஒட்டியிருக்கிறது. இங்கே குடும்பப் பேர் என்று ஒன்று வேண்டுமாம். நம்மிடம் எங்கே இருக்கிறது? அப்பா பேரை எடுத்து முருகேசன் கடைசியில் மாட்டிக்கொண்டான். கலாவும் நிலாவும் அதே பேர். டாக்டர் வீட்டில் நர்ஸ் வந்து "ஃபிராவ் சேர்வராயன்!" என்று கூப்பிட்டால் கலா எழுந்து போவாள். 'ஃபிராவ்' என்றால் அம்மா, மேடம் என்கிற மாதிரி. "மாமனாரு பேரச் சொல்லிக் கூப்புட்டா நீ எந்திரிச்சுப் போறியே, கூச்சமா இல்லையாம்மா?" என்று ஒருநாள் திட்டினேன். அவளுக்குப் பேர் அதுதான் போல என்று விட்டுவிட்டேன். என் பாஸ்போர்ட்டிலும் அது இருக்கிறது என்று யாரும் எனக்குப் படித்துச் சொல்லவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். செல்வி தன் மகனுக்கு அப்பா பேரையே வைத்தாள். கேட்டு சந்தோஷத்தில் அழுதேன். அழுது முடித்த பிறகுதான் உறைத்தது, பேரனை எப்படிக் கூப்பிடுவது? செல்வி "ராயா, ராயா" என்று கொஞ்சுவாள். பாதிப் பேரும் பேர்தானே. நான் டெலிபோனில் கண்ணு என்பேன், சாமி என்பேன், தங்கம் என்பேன். அவனுக்கு அது யாரையோ கொஞ்சுவது போல இருந்திருக்கும்.

3

போன வைகாசியில் ஒருநாள் சாயங்காலம் செல்வியிடமிருந்து போன் வந்தது. குரலே சரியில்லை.

"அம்மா, வயித்துவலின்னு வந்தேன். கொடலு வால் வீங்கிப் போச்சாம். இப்பவே ஆப்பரேசன் பண்ணோணுங்கறாங்க. ராயனப் பாத்துக்க ஆளில்லம்மா."

மாப்பிள்ளை தன் அப்பாவின் காரியத்துக்குச் சேலம் போயிருந்தார். பேரனுக்கு இரண்டு வயது முடிந்து ஒரு மாதம். பக்கத்து வீட்டு ஹில்டா என்கிற அம்மாள் நர்ஸ் வேலை பார்ப்பவர். மறுநாள் மூன்று மணி வரை பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். மூன்று மணிக்கு அவருக்கு ஆஸ்பத்திரியில் டூட்டி. அதற்குள் சொந்தக்காரர் யாரும் வராவிட்டால் குழந்தைகளுக்கென்று இருக்கிற அரசாங்க ஆபீஸிலிருந்து வந்து பையனைக் கூட்டிப்போய், யாரோ ஒரு வீட்டில் விடுவார்கள். தாய் எழுந்து நடக்கிற வரைக்கும்.

நல்லதுக்குத்தான் செய்கிறார்கள். பட்டினி போட மாட்டார்கள். ஆனால் தமிழ் ஒரு சொல் கேட்காத வீட்டில், அம்மா எங்கே என்று கேட்கக்கூட வழியில்லாமல் அது கிடக்குமே.

"நானும் வர்றேன்டா. நீ ஆஸ்பத்திரிக்கும் ஊட்டுக்கும் ஓடுனா கொழந்தைய ஆரு பாக்கறது?" என்றேன்.

முருகேசன் கம்ப்யூட்டரைத் திறந்தான். அந்தக் காலத்தில், அந்தக் காலம் என்ன, போன வருஷம்தான், டெலிபோன் கம்பியும் கம்ப்யூட்டர் கம்பியும் ஒன்று. கம்ப்யூட்டர் வெளியே பேசினால் டெலிபோன் செத்துப்போகும். டிக்கெட் எடுத்தால் செல்வி கூப்பிட முடியாது. செல்விக்காகக் காத்திருந்தால் டிக்கெட் இல்லை. மிஷின் கீ கீ என்று கத்தியது. ஒரு பக்கம் வந்தது, பாதியில் நின்றது. மறுபடி முதலிலிருந்து. பேர், பிறந்த தேதி, பேங்க் கார்டு நம்பர். என் பிறந்த தேதியை எங்கே போய்த் தேட? பாஸ்போர்ட்டுக்காக எழுதின தேதியே தேதி.

"சீக்கிரம்டா."

"கம்ப்யூட்டர வெரட்டுனா ஓடாதும்மா."

ஒரு மணி நேரம் கழித்துத் தாள் வந்தது. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே தாள், இருவர் பேரும் அதில். அதோடு இவன் கார்டையும் காட்டினால்தான் செல்லும். எவ்வளவு லேசாக இருந்தது தெரியுமா, பஞ்சாயத்து நோட்டீஸ் மாதிரி. முருகேசன் மடித்துச் சட்டைப் பையில் வைக்கப் போனான். பிடுங்கி என் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டேன்.

"எங்கிட்ட குடும்மா."

"உன்ற பையில வெச்சா வேர்த்து நனஞ்சு போயிரும்."

4

காலையில் ஓடிப்போய்க் கண்ணுக்கு முன்னால் இருந்த பெட்டியில் ஏறிவிட்டோம். ஏறின பிறகு முருகேசன் என்னவோ முணுமுணுத்தான். "பின்னாடி வண்டியில ஏறிட்டோம். பரவால்ல, அப்புறம் மாறிக்கலாம்." எனக்கு அதன் அர்த்தம் தெரியவில்லை, கேட்கவும் இல்லை. அந்த ரயில் உண்மையில் இரண்டு ரயில். மூக்கோடு மூக்கு ஒட்டிக்கொண்டு ஓடுகிறது. ஹாம் என்று ஒரு ஊர் வந்ததும் பிரிந்துவிடும். முன்வண்டி கொலோனுக்கு. பின்வண்டி வேறு ஊருக்கு. உள்ளே நடந்து போய் மாற வழி கிடையாது. ஸ்டேஷனில் இறங்கித்தான் மாற வேண்டும். நாங்கள் இருந்தது பின்வண்டி.

ஹனோவர் என்ற ஊரில் நின்றது. முருகேசன் எட்டிப் பார்த்தான். பிளாட்பாரத்திலேயே டெலிபோன் இருந்தது.

"செல்விக்கு ஆப்பரேசன் முடிஞ்சுதான்னு தெரியல. பயலும் அழுவறானோ என்னவோ."

"போயி ஒரு போன் போட்டுட்டு வா சாமி."

"வண்டி எடுத்துருவாம்மா."

"உன்னய உட்டுட்டா போயிருவான்? ரெண்டு வார்த்த கேட்டுட்டு ஓடியா."

இதை நான் சொன்னேன். நானேதான் சொன்னேன். எங்கள் நாகலூர் பஸ் அப்படி. சாமான் வாங்கப் போன ஆள் வரவில்லை என்றால் டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே நிற்பார். "ஏனுங்க, ராசம்மா இன்னும் வர்லீங்க" என்று யாராவது சொன்னால் போதும். மகன் இந்த ஊரில் எட்டு வருஷம் இருந்தவன், அவனுக்குத் தெரியும். ஆனாலும் அன்றைக்குத் தங்கையை நினைத்து அவனுக்கும் மனசு நிலையில் இல்லை. இறங்கினான்.

டெலிபோனைக் காதில் வைத்ததைப் பார்த்தேன். வாய் அசைந்ததைப் பார்த்தேன். கதவு புஸ்ஸென்று தானாக மூடிக்கொண்டது. ஹாரனும் இல்லை, விசிலும் என் காதில் விழவில்லை. முருகேசன் டெலிபோனை விட்டுவிட்டு ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினான். நான் உள்ளே இருந்து தட்டினேன். அவன் கையைக் கையைக் காட்டி என்னவோ கத்தினான். ஒன்றும் கேட்கவில்லை. அவன் சின்னதாகிக்கொண்டே போனான்.

டிக்கெட் என்னிடம். கார்டு அவனிடம். எனக்குத் தெரிந்த ஜெர்மன்: பால், ரொட்டி, நன்றி.

5

கையைக் காலை அசைக்காமல் உட்கார்ந்திருந்தேன். மணி என்ன என்று மட்டும் பார்த்துக்கொண்டேன். கடிகாரம் பார்க்க மட்டும் எனக்குத் தெரியும், எஸ்டேட் சங்கு கற்றுக்கொடுத்தது. பன்னிரண்டரை. மூன்று மணிக்கு ஹில்டா போய்விடுவார்.

கொஞ்ச நேரத்தில் மேலே இருந்து ஒரு பெண் குரல் வந்தது. ரயிலுக்குள்ளேயே ஒலிபெருக்கி. புரியாத பேச்சு நீளமாகப் போனது. அதன் நடுவில், தெளிவாக, தப்பே இல்லாமல்:

"ஃபிராவ் சேர்வராயன்."

உடம்பு சிலிர்த்துவிட்டது. முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு எழுந்து நின்றேன். அவர் பேர் வந்தால் உட்கார்ந்திருந்து பழக்கமில்லை. மறுபடியும் கூப்பிட்டார்கள். கண் கலங்கியது. இந்தத் தேசத்தில், ஓடுகிற ரயிலில், அவரைத் தேடுகிறார்கள். அவர் இல்லை என்று யார் எழுந்து சொல்வது? ராசம்மாள் இல்லையே என்றுதான் தோன்றியது. அப்புறம், 'ஃபிராவ்' என்றார்களே, கலாவைக் கூப்பிடுகிறார்கள் போல, அவள் பெர்லினில் அல்லவா இருக்கிறாள் என்று நினைத்தேன். என்னைக் கூப்பிடுகிறார்கள் என்று மட்டும் என் மண்டையில் ஏறவில்லை. நான் பவுனு அல்லவா. மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு டி.டி.ஆர். வந்தாள். முப்பது வயசுக்காரி, கழுத்தில் சிவப்புத் துணி. ஹனோவரில் ஏறின புது ஆள். சீட்டு சீட்டாகக் குனிந்து, "ஃபிராவ் சேர்வராயன்?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். எல்லோரும் தலையாட்டினார்கள், இல்லை என்று. என்னிடம் வந்து கேட்டாள். நானும் இல்லை என்று தலையாட்டினேன்.

அவள் போகவில்லை. சேலை கட்டின ஆள் அந்தப் பெட்டியில் நான் ஒருத்திதான். டிக்கெட் கேட்டாள். சுருக்குப்பையைத் திறந்து தாளைக் கொடுத்தேன். விரலை வைத்துப் படித்தாள்.

"பவுனு?"

"ஆமாங்க, ஆமாங்க! பவுனு!" மார்பில் கை வைத்துச் சிரித்தேன்.

அதே வரியில் அடுத்த வார்த்தைக்கு விரல் போனது. "சேர்வராயன்?"

என் கை தானாக மேலே போயிற்று. மலை உச்சியைக் காட்டுகிற அதே கை. கும்பிட்டும் விட்டேன். ஏற்காட்டில் இது போதும், சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும். அவள் ரயிலின் கூரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் ஜெபம் பண்ணுகிறேன் என்று நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் மரியாதையாகக் காத்திருந்தாள்.

அப்புறம் இரண்டு விரலால் ஒரு சின்னச் சதுரம் போட்டுக் காட்டினாள். கார்டு. நான் ஜன்னலைக் காட்டினேன். "மகன்கிட்டங்க. அங்கயே நின்னுட்டானுங்க." அவள் முகம் மாறியது. பேர் பாதிதான் என்னுடையது என்கிறேன், கார்டு இல்லை என்கிறேன். வேறு யாருடைய டிக்கெட்டையோ வைத்திருக்கிறேன் என்று நினைக்க அவளுக்கு எல்லாக் காரணமும் இருந்தது. தாளைக் கையில் எடுத்துக்கொண்டே போய்விட்டாள்.

தாளும் போயிற்று. அந்த நேரம் ஒரு ஸ்டேஷன் வந்து நின்றது. எதிர்சீட்டுக் கிழவரிடம் "கொலோன்? கொலோன்?" என்றேன். அவர் தலையாட்டி "பீலஃபெல்ட்" என்றார். அங்கேயே இறங்கி நான் வண்டி மாறியிருக்கலாம். வண்டி மாற வேண்டும் என்று தெரிந்தால்தானே. கதவு மூடிக்கொண்டது.

6

ஒலிபெருக்கி மறுபடி அவர் பேரைச் சொன்னது. மறுபடியும். இப்போது அந்தக் குரலில் அவசரம் இருந்தது. சிவப்புத் துணிக்காரி திரும்பி வேகமாக வந்தாள். கையில் என் தாளோடு இன்னொரு துண்டுக் காகிதம். அதைப் பார்த்துப் படித்தாள்: "முருகேசன். ஹனோவர்."

"என்ற மகனுங்க!" என்று கத்திவிட்டேன்.

அவள் இரண்டு கை முஷ்டியையும் சேர்த்து வைத்துக் காட்டினாள். சேர்த்தபடியே முன்னால் நகர்த்தினாள். ரயில் போகிறது. "ஹாம்," என்றாள். முஷ்டி இரண்டும் பிரிந்தது. ஒன்றைக் காட்டி, "கொலோன்." மற்றதை அந்தப் பக்கம் தூரமாகக் கொண்டுபோய், அதே கையால் என் சீட்டைத் தட்டிக் காட்டினாள்.

புரிந்துவிட்டது! எழுத்துத் தெரியாவிட்டால் என்ன, கை தெரியுமே. நான் உட்கார்ந்திருக்கிற வண்டி பேரனிடம் போகாது.

ஆனால் அவளுக்கு என் மேல் இன்னும் சந்தேகம். முருகேசன் தேடச் சொன்னது சேர்வராயன் என்கிற அம்மாளை. நான்தான் ஒரு தடவை இல்லை என்று தலையாட்டி, ஒரு தடவை கும்பிட்டும் விட்டேனே. கடைசியாக ஒருமுறை கேட்டாள். "ஃபிராவ் சேர்வராயன்?" நான் வாயைத் திறந்தேன். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அவள் பெருமூச்சு விட்டு, மணி பார்த்து, அடுத்த பெட்டிப் பக்கம் திரும்பினாள். அந்த இன்னொரு அம்மாளைத் தேடப் போகிறாள். அப்படி ஒருத்தி இந்த ரயிலில் இல்லை. ரயில் வேகம் குறைந்தது.

அந்தக் குழந்தை யாரோ ஒருத்தி கையைப் பிடித்துக்கொண்டு, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போவது போல் கண்ணுக்குத் தெரிந்தது. மனசுக்குள் அவரிடம், "ஏனுங்க, கோவிச்சுக்காதீங்க" என்றேன்.

"சேர்வராயன்!"

மெதுவாகச் சொல்ல நினைத்தேன். மலையில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குக் கூப்பிடுகிற குரலில் வந்துவிட்டது. பெட்டி மொத்தமும் திரும்பிப் பார்த்தது. எதிர்சீட்டுக் கிழவர் பேப்பரைக் கீழே போட்டார். அவள் திரும்பினாள். நான் மார்பில் அடித்துக்கொண்டு மறுபடி சொன்னேன். "சேர்வராயன்! நாந்தாங்க! நாந்தான் சேர்வராயன்!"

பையை ஒரு கையில் எடுத்தாள், என் கையை மறு கையில் பிடித்தாள். கதவு திறந்ததும் இறங்கி ஓடினோம். அந்த ரயில் எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரு செருப்பு கழன்றது. விட்டுவிட்டு ஓடினேன். அவள் குனிந்து அதையும் எடுத்துக்கொண்டாள். முன்வண்டியின் கடைசிக் கதவில் அவள் ஒரு காலை உள்ளே வைத்து, ஒரு காலை வெளியே வைத்து, அங்கிருந்த ஆளைப் பார்த்துக் கையை உயர்த்தினாள். வண்டி நின்றது. எனக்காக நின்றது! என்னை ஏற்றி, அங்கிருந்த டி.டி.ஆரிடம் தாளைக் கொடுத்து வேகமாக என்னவோ சொன்னாள். நான் அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தேன். ஏன் அப்படிச் செய்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்காது. சிரித்துக்கொண்டே செருப்பை என் கையில் கொடுத்துவிட்டு இறங்கி ஓடினாள். பேர் கேட்கவில்லை. அன்று எத்தனை பேர் என் பேரைக் கேட்டார்கள், நான் கேட்க வேண்டிய ஒரு பேரைக் கேட்காமல் விட்டேன்.

7

கொலோனில் இறங்கியபோது மணி மூன்றாக இருபது நிமிஷம். நீலச் சட்டை போட்ட ஒரு பெண் பிளாட்பாரத்தில் நின்று, "ஃபிராவ் சேர்வராயன்?" என்றாள்.

"ஆமாங்க" என்றேன். பார்த்தீர்களா, இரண்டாவது தடவை அவ்வளவு சுலபம்.

ஸ்டேஷனிலேயே ஒரு அறைக்குக் கூட்டிப்போனாள். முருகேசன் போன் செய்து சொன்னதால் ஹில்டா பையனை அங்கேயே கொண்டுவந்திருந்தார். பக்கத்தில் கோப்பு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு இன்னொரு அம்மாள். குழந்தைகள் ஆபீஸ் என்று பார்த்தவுடனே தெரிந்தது. முருகேசன் அடுத்த ரயிலில் வந்துகொண்டிருந்தான். அவன் வர நாலரை ஆகும். ஹில்டா அடிக்கடி கடிகாரம் பார்த்தார்.

கோப்பு அம்மாள் என் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தாள். பிறகு பையனின் காகிதத்தைப் பார்த்தாள். இரண்டிலும் ஒரே பேர். பாட்டிக்குக் கடைசிப் பேர், பேரனுக்கு முதல் பேர். இவர்கள் ஊர்க் கணக்கில் அது வராது. பேனாவை உதட்டில் தட்டினாள். அப்புறம் பையன் பக்கம் கையைக் காட்டினாள். போய்ப் பார் என்கிறாள். என்னை அவனுக்குத் தெரிகிறதா என்று அவள் பார்க்க வேண்டும்.

அவன் பெஞ்சுக்கு அடியில் உட்கார்ந்திருந்தான். ஒருநாள் முழுக்க அழுத முகம். என்னைக் கடைசியாகப் பார்த்தபோது எட்டு மாதக் கைக்குழந்தை.

"கண்ணு" என்றேன். அசையவில்லை.

"சாமி, தங்கம், இங்க பாரு, அம்மாயி வந்திருக்கறேன்." இன்னும் உள்ளே நகர்ந்து ஹில்டாவின் காலைக் கட்டிக்கொண்டான். எனக்குப் பின்னால் கோப்பின் தாள் புரளும் சத்தம் கேட்டது.

தரையில் உட்கார்ந்துகொண்டேன். ஓடி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. ஒருமுறை என் வீட்டுக்காரரிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று, மறுபடி கேட்கவில்லை.

"ராயா" என்றேன். "டேய் ராயா. இங்க வாடா."

செல்வி என் மகள். அவள் இழுக்கிற இழுப்பு நான் இழுக்கிற இழுப்பு. அந்த 'ராயா'வை அப்படி இழுக்க அந்தத் தேசத்தில் வேறு யாருக்கும் வராது. ஒரு பகலும் ஒரு ராத்திரியும் அது அவன் காதில் விழவே இல்லை. அவன் தலை வெளியே வந்தது. அம்மாவைத் தேடி என் முதுகுக்குப் பின்னால் பார்த்தான். யாரும் இல்லை. மறுபடி என் வாயைப் பார்த்தான்.

"ராயா" என்றேன்.

தவழ்ந்து வெளியே வந்து, நின்று, என் மடியில் தொப்பென்று உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் ஓவென்று அழுதான். நானும் சேர்ந்துகொண்டேன். கோப்பு அம்மாள் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னாள். கட்டை விரலைக் காட்டினேன். மை தேடிப் பத்து நிமிஷம் ஆயிற்று. ஹில்டா டூட்டிக்கு ஓடினார்.

முருகேசன் நாலரைக்கு வந்தான். டிக்கெட் என்னிடம் இருந்ததால் புதிதாக ஒன்று எடுத்து வந்திருந்தான். "சேர்வராயன் யாருன்னு கேட்டதுக்கு நீ கும்புட்டியாமா?" என்றான். செல்வி மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்தாள்.

இவ்வளவுதான். கலாவுக்குக் கை வலிக்கிறதாம். முருகேசன் இன்னும் கம்ப்யூட்டர் முன்னால்தான் இருக்கிறான். நிலா அவன் தோளில் தொங்கிக்கொண்டு என்னைப் பார்க்கிறாள்.

"பேரு இன்னும் கேக்குதும்மா."

"பவுனு சேர்வராயன்னு போடு" என்றேன். நிலா கை தட்டினாள். "போட்டுட்டு, முன்வண்டியான்னு நல்லாப் பாரு. பாத்துட்டு உன்ற கார்டையும் எங்கிட்டயே குடுத்துரு."

முருகேசன் கார்டைத் தர மாட்டேன் என்கிறான்.